ரேட் டிராப் பாண்ட்: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சின்ன வீடு, செலவு குறைவாக இருக்கணும், வெயிலும் உள்ளே இறங்கக் கூடாது என்று விசாரிக்க ஆரம்பித்தாலே ‘ரேட் டிராப் பாண்டில் கட்டுங்க’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உடனே எழும் சந்தேகம், சுவருக்குள் எலி வராதா என்பது. வராது. ரேட் டிராப் (rat trap) என்றால் எலிப்பொறி, செங்கல் சுவர் கட்டும் ஒரு முறைக்கு அப்படிப் பெயர். பெயரில்தான் எலி இருக்கிறது.

பாண்ட் என்பது இங்கே கடன் பத்திரம் இல்லை. ஒரு வரியில் வரும் இணைப்புக்கு நேர் மேலேயே அடுத்த வரியின் இணைப்பும் வந்தால் விரிசல் மேலிருந்து கீழே ஒரே கோடாக ஓடிவிடும் என்பதால், செங்கல்லை மாற்றி மாற்றி வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளச் செய்கிறார்கள். அந்த அடுக்கும் முறைக்குத்தான் பாண்ட் என்று பெயர். நம் ஊரில் 9 அங்குலச் சுவருக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ் பாண்ட், சில இடங்களில் ஃபிளெமிஷ் பாண்ட். இரண்டிலும் கல் படுத்திருக்கும், சுவர் உள்ளே முழுக்க நிரம்பியிருக்கும்.

ரேட் டிராப்பில் கல்லைப் படுக்க வைப்பதில்லை, ஒருக்களித்து வைக்கிறார்கள். 9 x 4½ x 3 அங்குலக் கல்லின் 3 அங்குலப் பக்கம் கீழே வரும், 4½ அங்குலம் உயரமாகிவிடும். வெளிமுகத்தில் ஒரு கல் நீளவாக்கில், உள்முகத்தில் அதேபோல் இன்னொன்று, இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ள அடுத்து ஒரு கல் குறுக்கே. சுவர் 9 அங்குலம், இரண்டு பக்கக் கல்லும் சேர்ந்து 6 அங்குலம், ஆக நடுவில் 3 அங்குலம் காலி. மேலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் அடைத்த ஒரு சின்னப் பெட்டி மாதிரி தெரியும். அந்தக் காலத்து எலிப்பொறியின் சாயல் அது, பெயரும் அதனால்தான் என்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் காலி இடத்தின் அளவு. 9 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 4½ அங்குல உயரம். அதாவது சரியாக ஒரு செங்கல்! மூன்று கல் வைக்கும் இடத்தில் நான்காவது கல்லுக்குப் பதிலாகக் காற்று உட்கார்ந்திருக்கிறது. ‘கல் 25 சதவீதம் மிச்சம்’ என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான், விளம்பரத்துக்காகச் சொல்லும் எண் இல்லை (கலவையின் கனத்தையும், மூலைகளில் அடைத்துக் கட்டுவதையும் சேர்த்தால் கொஞ்சம் மாறும்). கல் மிச்சம் என்றால் காளவாயில் எரியும் விறகும் நிலக்கரியும் மிச்சம். வரிகளின் எண்ணிக்கை குறைவதால் சிமெண்டும் குறையும்.

முறை இங்கிலாந்துடையது. அங்கே 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு எண்ணிக்கைப்படி வரி இருந்தது, அதனால் குறைந்த கல்லில் சுவர் எழுப்பும் வழிகளுக்கு மதிப்பு கூடியது. தொழிலாளர் குடியிருப்பு, பண்ணைக் கட்டடம் போன்ற மலிவான வேலைகளில் இந்த முறை நிறையவே உண்டு. அதை நம் பக்கத்துக்குப் பழக்கப்படுத்தியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 1945-ல் தொழுநோயாளர் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் கட்டித்தர இந்தியா வந்தவர், பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்து 1989-ல் இந்தியக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். அவர் கட்டிய சின்ன வீடுகளில் இந்தச் சுவரை வெளிப்பூச்சே இல்லாமல் விட்டுவிடுவார், பூச்சுச் செலவும் போச்சு. 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு கேரளத்தில் அதைத் தொடர்கிறது.

வெயில் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். அசையாத காற்று செங்கல்லைவிட மிக மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும், அதனால் மேற்குச் சுவர் சுட்டாலும் உள்முகத்துக்குச் சூடு வந்து சேரத் தாமதமாகும், குறைவாகவும் வரும். ஆனால் குறுக்கே வைத்த ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து உள்ளே சூடு நடந்து வரும் பாலம். போதாததற்கு, ஒற்றை மாடி வீட்டில் பெரும்பாலான வெயில் இறங்குவது கூரை வழியாக. சுவரை இப்படிக் கட்டிவிட்டு மேலே மொட்டைக் கான்கிரீட் தளம் போட்டால் மே மாதம் மதியத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பேக்கரும் இதைத் தனியாக விடவில்லை, தளத்தின் கான்கிரீட்டுக்குள் ஓடு பதிப்பது, அகலமான இறவாரம், ஓட்டைவிட்ட ஜாலிச் சுவர் எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடுகள்.

சரி, தமிழ்ச் சொல். இணையத்தில் ‘எலிப்பொறி பிணைப்பு’ என்று பார்க்கிறேன். பொருள் தப்பில்லை, ஆனால் பிணைப்பு என்றாலே எனக்கு வேதியியல் வகுப்பு ஞாபகம் வருகிறது. சிலர் ‘குழிவுச் சுவர்’ என்கிறார்கள், அது நிச்சயம் தவறு. குழிவுச் சுவர் வேறு வகை: தனித்தனியாக நிற்கும் இரண்டு சுவர்களை நடுவில் கம்பித் துண்டுகள் பிடித்திருக்கும், குறுக்கே கல்லே வராது. இன்னும் சிலர் எழுதும் ‘எலிவளைச் சுவர்’ வேண்டவே வேண்டாம், முதல் பத்தியில் சொன்ன சந்தேகத்தை நாமே வளர்த்துவிடுவோம்.

என் கட்சி ‘எலிப்பொறிக் கட்டு’. பாண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் கட்டுதல்தான், தமிழில் பூவையும் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். ‘இரண்டு கட்டு வீடு’ என்று வீட்டின் பகுதிக்கும் கட்டு உண்டே, குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் எலிப்பொறி இருக்கும்வரை குழப்பம் வராது. கொத்தனாரிடம் மட்டும் ரேட் டிராப் என்றே சொல்லுங்கள், தெரிந்தவருக்கு அப்படித்தான் தெரியும்.

அவரிடம் சொல்ல வேண்டியவை இன்னும் சில உண்டு. முதல் வரியும், தளத்துக்குக் கீழே வரும் கடைசி வரியும், மூலைகளும், கதவு ஜன்னல் ஓரங்களும் காலி இல்லாமல் அடைத்துக் கட்ட வேண்டும். கலவை உள்ளே விழாமல் இருக்க அந்தச் சந்தின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். விளிம்பு உடைந்த, கோணலான கல் இதற்கு ஆகாது. மின்குழாயைச் சுவர் எழும்பும்போதே உள்ளே விட்டுவிட வேண்டும், பிறகு வெட்டினால் கல் பெயர்ந்து வரும். அலமாரி, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் மாதிரி கனமான சாமான் எங்கே மாட்டப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து அந்த இடத்தை அடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் துளை போடும்போது காற்றில்தான் ஆணி இறங்கும்.