எட்சிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்டின் 1987ஆம் ஆண்டு உருவப்படம் ஒன்று உண்டு: 'மஞ்சள் பைஜாமாவில் லார்ட் குட்மேன்'. முகமெல்லாம் கறுப்புக் கோடுகள். மஞ்சள் மட்டும் அச்சு ஆனபின் கையால் பூசிய நீர்வண்ணம். வகை, எட்சிங் (etching) என்னும் உலோகத் தகட்டு அச்சு. இதைத் தமிழில் எழுதும்போது சட்டென்று 'செதுக்கோவியம்' என்று போட்டுவிடுகிறோம். ஆனால் இதில் உலோகத்தைச் செதுக்குவது கையல்ல, அமிலம்.

செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவுவார்கள். அதை ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் அமிழ்த்தினால் அந்த இடங்களை அமிலம் தின்று பள்ளமாக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம். அப்புறம் பூச்சை நீக்கி, பள்ளத்தில் மை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். படம் இடம் வலம் மாறி விழும். ஃப்ராய்ட் தகட்டை ஓவியத் தாங்கியில் கான்வாஸ் போல நிறுத்தி வைத்தே கீறுவார்.

சொல்லின் வேரும் தின்பதுதான். டச்சு மொழியின் 'எட்சன்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலச் சொல் ஜெர்மன் 'ஏட்சன்'. 'தின்னச் செய்' என்பது அதன் பழைய பொருள். சாப்பிடுவதைக் குறிக்கும் 'எஸ்ஸன்' அதன் உறவுச் சொல். முதலில் போர்க் கவசங்களில் அலங்காரம் செய்யத்தான் இந்த முறை பயன்பட்டது. 1500 வாக்கில் ஆக்ஸ்பர்க் நகரின் டேனியல் ஹாப்ஃபர் அதைத் தாள் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

என்கிரேவிங் (engraving) வேறு. அங்கே உளியே உலோகத்தைச் சீவி எடுக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், உளிக்கோடு நடுவில் தடித்து நுனியில் கூராக முடியும். அமிலக்கோடு பெரும்பாலும் மொட்டையாக நிற்கும்.

துரு இரும்பைத் தின்னும், அமிலம் உலோகத்தை அரிக்கும் என்று நாமும்தானே சொல்கிறோம்? ஆகவே என்கிரேவிங்குக்குச் 'செதுக்கச்சு', எட்சிங்குக்கு 'அரிப்பச்சு' என்பது என் தேர்வு. 'அரிப்போவியம்' என்றால் சொறியத் தோன்றும், வேண்டாம். 'அமில அரிப்பச்சு' என்றால் இன்னும் தெளிவு. எந்த முறை என்று தெரியாவிட்டால் 'அச்சோவியம்' என்று பொதுவாகப் போடலாம். செதுக்கியதாகச் சொல்ல வேண்டாம்.