குனிந்தால் தெரியும் வளைவு

மார்கழி விடியலில் பிள்ளைகள் கோலம் போடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் அப்பத்தாவின் வழக்கம். கோட்டையூர் வீட்டு வாசலில் என் அண்ணன் மகள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு 12 வயது. "ஏத்தா, இங்க வந்து பாரு. பிள்ளைக்கு முதுகு வலப்பக்கம் மேடா இருக்கே" என்று அண்ணியைக் கூப்பிட்டார் அப்பத்தா. நிமிர்ந்து நின்றபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி குனியச் சொன்னோம். வலது தோள்பட்டைக்குக் கீழே விலா எலும்புகள் இருக்கிற இடம் இடப்பக்கத்தைவிட ஒரு விரல்கடை உயர்ந்து நின்றது.

அப்பத்தா பார்த்த விதத்துக்கு மருத்துவத்தில் ஆடம்ஸ் சோதனை என்று பெயர். வில்லியம் ஆடம்ஸ் 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த அறுவை மருத்துவர். இகுவானடான் என்ற டைனோசரை உலகுக்கு அறிமுகப்படுத்திய கிடியன் மேன்டெல், முதுகுக் கோளாறால் பல ஆண்டுகள் அவதிப்பட்டு 1852ல் இறந்தார். அவருடைய முதுகெலும்பை ஆடம்ஸ் ஆராய்ந்தார். 1865ல் வெளியான தன் நூலில், இந்தக் கோளாறில் எலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது என்பதை விளக்கினார். குனியவைத்துப் பார்ப்பதற்கான காரணம் அந்த முறுக்கில்தான் இருக்கிறது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் நிலைக்கதவுகள் எல்லாம் ஒரே நேரில் அமைந்து, கடைசியில் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகெலும்பும் அப்படி நேராக இருக்க வேண்டும். அது பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைந்து, கூடவே திருகியும் இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். கூன் வேறு, அது முன்பக்கமாக விழுகிற வளைவு. வளரிளம் பிள்ளைகளில் 100 பேரில் 2 முதல் 3 பேருக்கு ஸ்கோலியோசிஸ் இருக்கிறது. சின்ன வளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமமாகவே வரும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிதாவது பெண் பிள்ளைகளிடம்தான் பல மடங்கு அதிகம்.

நெஞ்சுப் பகுதியில் 12 முள்ளெலும்புகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பக்கமும் விலா எலும்புகள் புறப்படுகின்றன. முள்ளெலும்பு திருகினால் விலா எலும்புகளும் அதோடு சேர்ந்து திரும்பும். வளைவு புடைத்திருக்கும் பக்கத்து விலாக்கள் பின்னால் தள்ளப்படும், எதிர்ப்பக்க விலாக்கள் உள்ளே போகும். நிற்கும்போது தோள்பட்டை எலும்பும் தசையும் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு மறைத்துவிடுகின்றன. கையைத் தொங்கவிட்டு இடுப்பிலிருந்து குனிந்தால் தோள்பட்டை விலகிக்கொள்ள, மேடு வெளியே வந்துவிடுகிறது.

சரி, நேராக இருந்த எலும்பு ஏன் வளைகிறது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு, அதாவது 80 சதவீதம் பேருக்கு, தனிக் காரணம் ஒன்றையும் காட்ட முடிவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒருமுறை வளையத் தொடங்கினால் அது எப்படிப் பெரிதாகிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரியும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கல்லும் ஒரே கனமாக இருந்தால் அடுக்கு நேராக ஏறும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தால் அடுக்கு சாய்ந்துகொண்டே போகும். வளரும் எலும்பில் அழுத்தம் அதிகம் விழும் பக்கம் மெதுவாக வளரும், அழுத்தம் குறைந்த பக்கம் வேகமாக வளரும். வளைவின் உட்பக்கம் நசுங்குவதால் அங்கே வளர்ச்சி குறைகிறது. வெளிப்பக்கம் ஓங்கி வளர்கிறது. முள்ளெலும்பு ஆப்பு மாதிரி ஆகிறது. ஆப்பு வடிவம் வளைவைக் கூட்டுகிறது, கூடிய வளைவு அழுத்தத்தை இன்னும் ஒருபக்கமாகத் தள்ளுகிறது. இப்படி ஒரு சுழற்சி.

இந்தச் சுழற்சிக்குத் தீனி வளர்ச்சிதான். பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதற்குச் சற்று முந்தைய மாதங்களில் மடமடவென்று உயர்கிறார்கள். வளைவும் அந்த மாதங்களில்தான் வேகமாக ஏறுகிறது. வயதுக்கு வந்தபின் சுமார் இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி ஓய்ந்துவிடும். ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஓரிரு ஆண்டு தள்ளி நடக்கும். ஆகவே 10 வயதிலிருந்து 14 வயதுவரை உள்ள காலம் பொன்னானது.

அந்தக் காலத்தில் நாங்கள் ஏழு மாதத்தை விட்டுவிட்டோம். முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுக்காமலே "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடப் பைதான் காரணம் என்று புதுப் பை வாங்கினோம். ஆடி மாதம் பாவாடை அளவெடுத்த காரைக்குடித் தையல்காரர், ஒரு பக்க இடுப்பு ஏறியிருப்பதால் விளிம்பு சமமாக விழவில்லை என்று சொன்ன பிறகுதான் மதுரைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் 31 டிகிரி.

பை காரணமில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கனமான பையால் முதுகு வலிக்கலாம், ஸ்கோலியோசிஸ் வராது. கோணலாக உட்கார்ந்தது, ஒருக்களித்துப் படுத்தது, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, தாய் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தது, இவை எதுவும் காரணமில்லை. அண்ணி பல இரவுகள் தன்னைத்தானே நொந்துகொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். இது தாயின் தவறே அல்ல.

வீட்டில் பார்ப்பது எளிது. பிள்ளையை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், இரண்டு கால்களுக்கும் நடுவே கல்லின் இணைப்புக் கோடு வருமாறு நிறுத்துங்கள். பின்னால் நின்று பாருங்கள். தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்துகிறதா? கைக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? தலை அந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறதா? அப்புறம் முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்து மெல்லக் குனியச் சொல்லுங்கள். மேடு தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் ஸ்கோலியோசிஸ் பெரும்பாலும் வலிக்காது. தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்தல், நடையில் தடுமாற்றம் இருந்தாலோ, நெஞ்சுப் பகுதியில் புடைப்பு இடப்பக்கம் இருந்தாலோ வேறு காரணம் ஒளிந்திருக்கக்கூடும். அப்போது எம்ஆர்ஐ எடுப்பார்கள். தோலில் காப்பி நிறத் திட்டுகள் பல இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடையிலான கோணத்தை அளக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948ல் வகுத்த முறை இது. அளப்பதிலேயே 5 டிகிரிவரை முன்பின் இருக்கும். ஆகவே 22 என்பது 24 ஆனால் பதற வேண்டாம். அதே படத்தில் இடுப்பெலும்பின் விளிம்பையும் பார்ப்பார்கள். அது எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை வைத்து, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்று கணிக்க முடியும். கோணம், பாக்கி வளர்ச்சி இரண்டையும் வைத்துத்தான் சிகிச்சை முடிவாகும்.

25 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு போதும். 25க்கும் 40க்கும் இடையே, வளர்ச்சியும் பாக்கி இருந்தால் பிரேஸ். இது உடம்புக்கேற்ப அச்செடுத்துச் செய்கிற பிளாஸ்டிக் கவசம். உள்ளே வைத்த திண்டுகள் புடைத்த பக்கத்தை அழுத்தும், எதிர்ப்பக்கத்தில் விட்ட இடைவெளி உடம்புக்கு வழி கொடுக்கும். நசுங்கும் பக்கத்து அழுத்தத்தைக் குறைத்து, மேலே சொன்ன சுழற்சியை அது தடுக்கிறது. பிரேஸ் முதுகை நிமிர்த்திவிடும் என்று நம்பக் கூடாது. வளைவு கூடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை.

அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013ல் வந்தபோது விடை கிடைத்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேரும், வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 48 சதவீதம் பேரும் 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சியை முடித்தார்கள். பிரேஸுக்குள் வைத்த வெப்ப உணரி எத்தனை மணி நேரம் அணிந்தார்கள் என்பதையும் பதிவு செய்தது. நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. 6 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பலன் மணி நேரத்தில்தான் இருக்கிறது.

சித்திரை வெயிலில் காரைக்குடியில் 18 மணி நேரம் பிளாஸ்டிக்கை உடம்பில் கட்டிக்கொண்டு இருப்பது லேசு இல்லை. எங்கள் பிள்ளை உள்ளே தையல் முடிச்சு இல்லாத பருத்திப் பனியன் போட்டு, நாளுக்கு மூன்று முறை மாற்றினாள். பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாகத் தைத்தோம். சாயங்காலம் கழற்றிவைத்துவிட்டுப் பரதநாட்டியத்துக்குப் போவாள். ஓடவும் ஆடவும் நீந்தவும் தடையில்லை, செய்யவும் வேண்டும். ஷ்ரோத் எனப்படும் தனிப் பயிற்சிகளும் பிரேஸோடு சேர்ந்து உதவலாம். எண்ணெய் தேய்த்து நீவுவது இதமாக இருக்கும், எலும்பை நிமிர்த்தாது. வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கையில் மாதங்கள் கழிந்துவிடுவதுதான் பயம்.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். "நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தெரிஞ்சா என்னாகும்" என்று மறைக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. பெண் பிள்ளைக்குப் பிரேஸ் போடத் தயங்கி, தவிர்த்திருக்கக்கூடிய அறுவை சிகிச்சைவரை கொண்டுபோய் விடுகிறோம். ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்கள் இயல்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள்.

50 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றபிறகும் வளைவு ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி கூடக்கூடும். மிகப் பெரிதானால் நுரையீரலையும் நெருக்கும். அப்போது அறுவை சிகிச்சை: முள்ளெலும்புகளில் திருகாணி பொருத்தி, இரண்டு உலோகக் கம்பிகளால் நேராக்கி, அந்த எலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பார்கள். தண்டுவடம் பாதிக்கப்படுகிறதா என்று சிகிச்சை நடக்கும்போதே நரம்பு மின்சைகைகளைக் கண்காணிப்பதால் ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது. ஓரிரு நாளில் எழுந்து நடக்கவைத்துவிடுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய் விசாரிப்பது நல்லது.

எங்கள் பிள்ளைக்கு அறுவை தேவைப்படவில்லை. 15 வயதில் பிரேஸைக் கழற்றியபோது 33 டிகிரி. அளவுப் பிழைக்குள் அடங்குகிற வித்தியாசம்தான். அவளுடைய தங்கைக்கு இப்போது 10 வயது. உடன்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளையும் பட்டாசாலையில் கல்லின் கோட்டில் நிறுத்திக் குனியச் சொல்கிறோம். போன மாதம் பார்த்தது அப்பத்தாதான். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.