துவக்கு வாங்கும்போது காதையும் கணக்கில் எடுங்கள்

துவக்குச் சத்தத்தால் காது கெட்ட இருவர் சென்ற வாரம் ஒரே காலையில் என்னிடம் வந்தார்கள். ஒருவர் நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி. கச்சானையும் சோளத்தையும் பன்றியிடமிருந்து காப்பாற்ற அனுமதிப்பத்திரம் பெற்று, குழல்கள் பக்கம்பக்கமாக அமைந்த பழைய 12 போர் (bore, குழலின் உள்ளளவு) துவக்கொன்றைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கையாள்பவர். மற்றவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பெறாமகன். அங்கே அனுமதியுள்ள பருவத்தில் பறவை வேட்டைக்குப் போவதும், மற்ற மாதங்களில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடுவதும் அவருடைய பொழுதுபோக்கு. மேலும் கீழுமாகக் குழல் அமைந்த, கைக்கடக்கமான விலையுள்ள துவக்கொன்றைத் தேடி அவர் ஐந்து மாதம் செலவழித்திருக்கிறார். காதுக் கவசத்துக்கு ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

"சத்தம் காதுக்குப் பழகிவிட்டது, டொக்டர்" என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். இதே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

காது எந்த வெடிச் சத்தத்துக்கும் பழகாது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கை காய்த்துத் தடிப்பது போலத் தடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் தோல் எதுவும் உட்காதில் இல்லை. பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் சத்தத்தை உணரும் கேள்மயிர்க் கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. அவற்றில் ஒன்று செத்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடியே அவற்றைக் கொல்லப் போதுமானது. 12 போர் துவக்கோ சுடுபவரின் காதருகே 150 முதல் 165 டெசிபல் வரை எழுப்புகிறது. பெருஞ்சத்தம் கேட்டவுடன் நடுக்காதின் சிறு தசையொன்று இறுகி ஓரளவு காப்புத் தருவது உண்மைதான். ஆனால் அது இறுகத் தொடங்கும் முன்னரே துவக்கின் வெடி உட்காதை அடைந்து தன் வேலையை முடித்துவிடுகிறது. முதல் வருடம் சுட்டபோது காது வலித்தது, இப்போது வலிக்கவில்லை என்றால், அந்தச் சத்தத்தை உணர வேண்டிய கலங்கள் குறைந்துவிட்டன என்பதே அதன் பொருள். தயவுசெய்து அதைப் பழக்கம் என்று சொல்லாதீர்கள்.

வெட்டவெளியில் சுட்டால் சத்தம் சிதறிப் போய்விடும் என்பதும் தவறு. குழல்வாயிலிருந்து காதுக்கு நேரே வரும் முதல் அலைதான் கெடுக்கிறது. அதற்குச் சுவரும் கூரையும் தேவையில்லை. வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்காது குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருப்பதால் பெரும்பாலும் அதுவே முதலில் கெடும். இருவருடைய கேள்திறன் வரைபடத்திலும், கீச்சொலிகளுக்குரிய 4,000 ஹேர்ட்ஸ் அருகே இடக்காதில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. பேச்சு கேட்கும், சொல் விளங்காது. பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் தப்பிப் போகும். காவற்கொட்டிலில் இரவிரவாக இருப்பவருக்குப் பன்றி பயிரை விலக்கிக்கொண்டு வரும் சரசரப்பும் கேட்காது.

வன்னியில் இது இன்னும் பாரதூரமானது. 2009 வரை செல்வீச்சுக்கு நடுவே பதுங்குகுழிகளில் கிடந்த பலருடைய காதுகள் அப்போதே பாதி கெட்டுவிட்டன. மிஞ்சியிருப்பதையும் யானைவெடிக்கும் துவக்குக்கும் கொடுத்துவிட்டு அவர்கள் என்முன் வந்து அமரும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகிறது.

துவக்கைத் தெரிவு செய்வதிலும் காதுக்கு ஓர் இடம் கொடுங்கள். குட்டைக் குழல் வெடியைக் காதுக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. ஆகவே தட்டுச் சுடுபவர்கள் வழமையாக வாங்கும் 28 அல்லது 30 அங்குலக் குழலே காதுக்கும் நல்லது. உதைப்பைக் குறைக்கவென்று குழல்வாயருகே துளையிட்ட துவக்குகள் சுடுபவருக்குக் கூடுதலாகச் சத்தம் போடுகின்றன, அவற்றைத் தவிருங்கள். பயிற்சிக்கு 24 அல்லது 28 கிராம் சன்னமுள்ள, உதைப்புக் குறைந்த தோட்டா போதும். அது தோளைத்தான் காக்கும், காதை அல்ல. கவசம் துவக்கின் கட்டையில் (தோளிலும் கன்னத்திலும் பொருந்தும் பகுதியில்) இடிக்கிறது என்று பெறாமகன் அதைக் கழற்றியே வைத்திருந்தார். கடையில் துவக்கைத் தோளில் வைத்துப் பார்க்கும்போதே கவசத்தையும் மாட்டிப் பாருங்கள். இடித்தால் மெல்லிய கிண்ணமுள்ள கவசத்தையோ வேறு கட்டையையோ கேளுங்கள். கையிலுள்ள காசு முழுவதையும் துவக்குக்கே கொடுத்துவிடாதீர்கள். விலை சற்றுக் குறைந்த துவக்கை வாங்கி, மெல்லிய ஒலியைப் பெருக்கி வெடியை மட்டும் தணிக்கும் மின்னணுக் கவசமொன்றையும் வாங்குவது எவ்வளவோ மேல்.

பஞ்சு காதைக் காக்காது. விரலும் காக்காது. நுரைக் காதடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பெட்டியில் 30 டெசிபல் என்று எழுதியிருந்தாலும், அரைகுறையாகச் செருகினால் பாதிகூடக் கிடைக்காது. தட்டுச் சுடுவதில் ஒரு சுற்றுக்கே 25 தட்டுகள் என்பதால் அங்கே அடைப்பானும் கவசமும் சேர்த்தே அணியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் இது பொருந்தும். காவலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மிகப் பெரும்பாலான பறவைகளைக் காக்கிறது என்பதால், பெறாமகன் கனடாவில் செய்யும் பறவை வேட்டையை இங்கே செய்ய நினைக்க வேண்டாம் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்கப் போகிறீர்கள். அந்த வாரத்திலேயே காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சுட்ட பின் காது அடைத்தாலோ இரைந்தாலோ நல்லெண்ணெய் விடாதீர்கள், குளத்தில் முழுகாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் இரண்டுமே கிருமியை உள்ளே கொண்டுபோகும். மறுநாளும் அடைப்பு நீங்காவிட்டால் அன்றைக்கே ஆசுபத்திரிக்கு வாருங்கள். அருவி வெட்டு முடியட்டும் என்று தள்ளிப் போட்டு மூன்று மாதம் கழித்து வருபவருக்கு, பெரும்பாலும், கேட்கும் கருவிக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.