சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் சொன்ன காரணங்கள்

முழங்கால் வலி என்று சிகிச்சைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் வலி என்று. அடுத்து, வேலைக்கு எதில் போய் வருகிறீர்கள் என்று. இலங்கை மலையகத்தின் ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் இதற்குப் பஸ், த்ரீவீல், இல்லாவிட்டால் நடை என்றுதான் பதில் வரும். 2022க்குப் பிறகு சைக்கிள் என்ற பதிலும் வரத் தொடங்கியது. அதைச் சொல்லும்போதே சிலருக்குக் கூச்சம். இந்த மலையில் சைக்கிளா என்று நான் சிரித்துவிடுவேனோ என்ற தயக்கம். நானும் சைக்கிளில்தான் வருகிறேன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்திய வருடம்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய். அதுவும் கையில் காசு இருந்தாலும் கிடைக்காது. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வீட்டுக் கூரைக்கடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய லுமாலா சைக்கிள்கள் அப்போதுதான் வெளியே வந்தன. என்னுடையதும் அப்படி வந்ததுதான்.

பெற்றோல் வரிசைகள் முடிந்ததும் பாதிப் பேர் சைக்கிளை மறுபடி கூரைக்கடியில் தள்ளிவிட்டார்கள். மீதிப் பேர் ஏன் விடவில்லை என்பதுதான் எனக்கு ஆர்வமாக இருந்தது. மருத்துவத் துறையில் இருக்கும் நாங்கள் சைக்கிள் என்றாலே சுகர், பிரஷர், உடம்பு இளைப்பது என்று தொடங்கிவிடுவோம். என்னிடம் வந்தவர்களில் அந்தக் காரணத்துக்காகச் சைக்கிள் வாங்கியவர்கள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை. விடாமல் ஓட்டுகிறவர்களின் காரணம் வேறாக இருக்கிறது.

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் ஒரு ஐயாவின் கதையைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். பகலில் பறித்த கொழுந்து பல மணி நேரம் வாடிய பிறகுதான் அரைக்கப் போகும். அதனால் ஸ்டோர் வேலை நடுச்சாமத்திலோ விடிவதற்கு முன்போ தொடங்கும். அந்த நேரத்தில் எந்த பஸ் வரும்? த்ரீவீலைக் கூப்பிட்டால் அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். நடந்தால் முக்கால் மணி நேரம், பனியில். சைக்கிளில் போகும்போது பதினைந்து நிமிடம், எல்லாம் இறக்கம். வரும்போது ஏற்றத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டு வருகிறார், அரை மணி நேரம் ஆகிறது. "வேல முடிஞ்சா நான் யாருக்கும் காத்துக்கிட்டு இருக்கத் தேவயில்ல சேர், ஏறி ஒக்காந்தா வீடுதான்" என்றார். சுகர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குச் சுகர் இருந்தது, அது வேறு விஷயம்.

இன்னொருவர் ஒரு ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் பயிற்சிக்காக இருந்த காலத்தில் சைக்கிள் பழகியவர். அங்கே பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது அன்றாடக் காட்சி. யுத்தத்தால் எண்ணெய்த் தடை இருந்த தொண்ணூறுகளில் அந்த ஊரே சைக்கிளில்தான் ஓடியது. இங்கே ஒரு பெண் சைக்கிள் மிதித்துப் போனால் ரோட்டோரக் கடையில் தேத்தண்ணி குடிப்பவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு மாதம் பார்த்தார்களாம், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்களாம். அவருடைய காரணம், நெரிசலான பஸ்ஸில் காலையிலேயே இடிபட்டு, சேலை கசங்கிப் பாடசாலைக்குள் நுழைய வேண்டாம் என்பது. பெண்கள் இந்தக் காரணத்தை என்னிடம் மெதுவான குரலில்தான் சொல்கிறார்கள். பஸ்ஸில் நடப்பதைப் பற்றி நாம் இன்னும் சத்தமாகப் பேசவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பணக் காரணம் நீங்களே ஊகிக்கக்கூடியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் கேட்ட விலை கொடுக்க வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் தவணை கட்டிக் கட்டி வெறுத்த இளைஞர்கள் சிலர், டவுனில் வேலை, வீடும் கிட்ட, எனக்கு எதற்கு இது என்று சைக்கிளுக்கு இறங்கிவிட்டார்கள்.

சரி, உடம்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அது என் தொழில். ஒருவர் 65 கிலோ, சைக்கிள் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றருக்கு 6 மீற்றர் உயரும் ரோட்டில் மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, கால்கள் 100 வாட்டுக்குச் சற்று மேலே சக்தி கொடுக்க வேண்டும். சமதரையில் இரண்டு மடங்கு வேகத்தில் போக இதில் பாதி போதும். அதாவது நம் ஊர் ஏற்றம் கடுமையான உடற்பயிற்சிக் கணக்கில் வருகிறது. கடுமையான பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது 75 நிமிடம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தினமும் கால் மணி நேர ஏற்றம், ஐந்து நாள், கணக்கு முடிந்தது. பிரித்தானியாவில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடையே இறப்பு அபாயம் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம், அதனால் முழுப் பெருமையையும் சைக்கிளுக்குக் கொடுத்துவிட முடியாது. எப்படிப் பார்த்தாலும் அந்த எண் சின்னதல்ல.

இனி வலிக்கு வருவோம். என்னிடம் வரும் சைக்கிள் முழங்கால்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சீட் உயரம். கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பள்ளமும் லொறியும் உள்ள ரோட்டில் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகம் மடங்கும், மடங்கிய நிலையில் அழுத்தம் கொடுத்தால் சிரட்டை எலும்புக்குப் பின்னால் பாரம் ஏறும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். கியர் உள்ள சைக்கிள் என்றால் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலகு கியருக்கு மாறிவிடுங்கள். நடு ஏற்றத்தில் எழுந்து நின்று முக்கி மிதிப்பது பையன்களுக்கு வீரம், நாற்பதைத் தாண்டிய முழங்காலுக்குத் தண்டனை. இறங்கித் தள்ளுங்கள், அதுவும் பயிற்சிதான்.

ஏற்றத்தைவிட எனக்குப் பயம் இறக்கத்தில். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழை விடாது. ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் வளைவு வந்துவிடும். எனக்கு வந்தது. தேய்ந்த கட்டையை நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று இருந்ததற்கு ஒரு தேயிலைச் செடிதான் என்னை மறித்துப் பிடித்தது. தோளில் மூன்று வாரம் வலி. மற்றவர்களுக்குச் செய்யச் சொல்லும் பயிற்சிகளை நானே செய்து பார்த்தபோதுதான், அவை எவ்வளவு சலிப்பானவை என்று தெரிந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் இறுக்கிக்கொண்டே போனால் ரிம் சூடாகும், டியூப் வெடித்ததும் உண்டு. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், முன்பின் இரண்டையும். ஹேண்டிலில் உடம்பு முழுவதையும் சாய்த்துப் போகிறவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கம் விறைத்துப்போகும். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வருவது அது. பனிமூட்டத்தில் பின்லைட் இல்லாமல் போகிறவரிடம் நான் வேறெதுவும் பேசுவதில்லை. முதலில் லைட்டை வாங்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

எல்லோரையும் சைக்கிளில் ஏறச் சொல்லவும் மாட்டேன். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறவருக்குச் சைக்கிளால் ஒரு பயனும் இல்லை, அவர் தினம் ஏறும் ஏற்றமே போதும். ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, கை வலிக்கிறது என்றால் சைக்கிளை வைத்துவிட்டு இதயத்தைக் காட்டவேண்டும், என்னிடம் வரக்கூடாது. சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது, சட்டைப் பையில் ரெண்டு டொபியாவது இருக்கட்டும்.

அந்த ஸ்டோர் ஐயாவுக்கு நான் செய்தது அதிகமில்லை. சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தினோம், தொடைத் தசைக்கு இரண்டு பயிற்சி கொடுத்தேன். ஒரு மாதத்தில் வலி போய்விட்டது என்றார். இரண்டாம் மாதம் மறுபடி வந்தார், அதே வலி. விசாரித்தால், பின்னேரங்களில் பேரன் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு ஓட்டப் போகிறானாம், இருட்டில் வேலைக்குக் கிளம்பும்போது இவர் அதைக் கவனிப்பதில்லை. இப்போது சீட் கம்பியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறோம். கிளம்பும் முன் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்.