இரவல் போகும் ஷண்டிங் எஞ்சின் ஏன் பொயின்ட்டில் நிற்கிறது?

வவுனியாவில் ஒருவரின் மாதிரி ரயில் மேசையில் நத்தையாய் ஊர்ந்து பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த குட்டி ஷண்டிங் எஞ்சின், கிளிநொச்சியில் நண்பரின் மேசைக்கு இரவல் போனதும் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் முதல் பொயின்ட்டிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் எஞ்சினில் பழுது இருக்காது. அது குட்டையாக இருப்பதும் மெதுவாகப் போவதும்தான் காரணம்.

மாதிரி எஞ்சினுக்கு மின்சாரம் சில்லு வழியாக ஏறுகிறது: ஒரு தண்டவாளம் ஒரு முனை, மற்றது மறுமுனை. நாலு சில்லு எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டே தொடுபுள்ளிகள். பொயின்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் மூக்கு சில தயாரிப்புகளில் பிளாஸ்டிக். முன்சில்லு அதில் ஏறியதும் அந்தப் பக்கத்துக்குப் பின்சில்லு மட்டுமே மிச்சம். அதில் ஒரு பொட்டு அழுக்குப் போதும், மோட்டர் நிற்கும். வேகமான எஞ்சினை உந்தம் கடத்திவிடும். செக்கனுக்கு 20 மி.மீ. ஊரும் எஞ்சினுக்கு அந்த உந்தம் இல்லை.

இதற்கு மின்னைச் சேமித்துவைக்கும் கொள்ளளவியை (கப்பாசிட்டர்) எஞ்சினில் பூட்டுவார்கள். கணக்குப் பார்க்காமல் பூட்டினால் பயனில்லை. மோட்டர் 0.1 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 1000 மைக்ரோபரட் கொள்ளளவி 12 வோல்ற்றிலிருந்து 7 வோல்ற்றுக்கு இறங்க 0.05 செக்கன்தான் எடுக்கும். எஞ்சின் 1 மி.மீ. நகரும். 2.7 வோல்ற், 1 பரட் மீகொள்ளளவிகள் (சூப்பர் கப்பாசிட்டர்) ஆறைத் தொடராக இணைத்தால் 16.2 வோல்ற் தாங்கும். அதே 5 வோல்ற் இறக்கத்துக்கு 8 செக்கன் கிடைக்கும். ஆனால் வெறுமையான கொள்ளளவி மின்சாரம் போட்டதும் குறுஞ்சுற்றுப் போல இழுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியை நிறுத்திவிடும். அதனால் மின்னேற்றும் வழியில் 100 ஓம் தடையியும், வெளியேறும் வழிக்கு அதற்குச் சமாந்தரமாக ஓர் இருவாயியும் (டயோட்) வேண்டும்.

தண்டவாளம் வழியே இலக்கக் கட்டளை அனுப்பும் டி.சி.சி. முறையில், எஞ்சினுக்குள் அதை வாங்கும் சிப்பான டிகோடருக்கு ஒரு முகவரி எண் உண்டு; புதிதில் அது வழக்கமாக 3. நண்பரிடமும் 3 இருந்தால் ஒரு கட்டளைக்கு இரண்டு எஞ்சினும் ஓடும். டிகோடரின் அமைப்புகள் சி.வி. என்ற எண்ணிட்ட இடங்களில் இருக்கும். அமைப்பை மாற்றுவதற்கான தனித் துண்டான புரோகிராமிங் தண்டவாளத்தில், முகவரி உள்ள சி.வி. 1-ஐ மாற்றுங்கள், வாசிக்க மறுத்தால் கொள்ளளவியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சி.வி. 29-இல் 4 என்ற பெறுமானம் சேர்ந்திருந்தால் எஞ்சின் டி.சி.சி. இல்லாத சாதாரண நேரோட்டத்திலும் (டி.சி.) ஓடும். டி.சி.சி. மேசையில் அது ஆபத்து: சமிக்ஞை அறுந்த கணத்தை நேரோட்டம் என்று எடுத்து முழு வேகத்தில் பாயலாம். சி.வி. 29-இல் 6 என்றிருந்தால் அந்த 4-ஐக் கழித்து 2 ஆக்குங்கள். இரவல் வாங்கியவர் சி.வி. 8-இல் 8 எழுதவே கூடாது. பல டிகோடர்களில் அது உரியவர் பொறுமையாக அமைத்த எல்லாவற்றையும் அழித்துவிடும். டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி. தண்டவாளத்தில் வைத்தால் மோட்டர் சுழலாமல் ரீங்கரித்துச் சூடாகும்.

1:87 அளவில் செய்யும் எச்.ஓ. மாதிரிகளும் 1:76 அளவில் செய்யும் ஓ.ஓ. மாதிரிகளும் 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்திலேயே ஓடுகின்றன, பெட்டிகளை இணைக்கும் கொழுக்கிதான் வேறு. (வன்னி ஊடாகப் போகும் நிஜத் தண்டவாளத்தின் இடைவெளி 1676 மி.மீ.; 1:76 கணக்கில் 22 மி.மீ. வரவேண்டும். மாங்குளம் ஸ்டேஷனைச் செய்பவர் இந்த ஒடுக்கத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.) எச்.ஓ. சில்லுகளின் உட்பக்க இடைவெளி ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்கவேண்டும். குறைந்தால் பொயின்ட்டில் மூக்குக்கு எதிரே சில்லை வழிநடத்தும் காவல் தண்டவாளத்தில் இறுகி ஏறும், கூடினால் மூக்கில் இடிக்கும்.

சோளகம் வீசும் மாதங்களில் வன்னிப் புழுதி எதையும் விடாது. எண்ணெயோடு சேர்ந்தால் சில்லில் கறுத்த பசையாகும். பல்சக்கரத்துக்கு ஊசிமுனையளவு எண்ணெய் போதும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த கடதாசியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, ஒரு சோடிச் சில்லை அதன்மேலும் மறுசோடியைத் தண்டவாளத்திலும் வைத்து ஓட்டுங்கள், பிறகு திருப்புங்கள். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கலாம். உப்புத்தாளும் வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் இறுகப் பிடிக்கும்.

கொடுக்கும்போது முகவரி, சி.வி. 29, கொழுக்கியின் வகை மூன்றையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது பஞ்சுறையில் எஞ்சினை நிமிர்த்தியே வைக்கவேண்டும். சரித்தால் எண்ணெய் சில்லுக்கு வடியும்.