மேற்பரப்புப் போக்குவரத்தா, தரைவழிப் போக்குவரத்தா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் அச்சாகும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் பொறியியல் மாணவர்களின் திட்ட அறிக்கைகளிலும் ‘மேற்பரப்புப் போக்குவரத்து’ என்னும் தொடர் சில ஆண்டுகளாகவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிறது. அண்மையில் வந்த ஓர் அழைப்பிதழில் ‘நெடுஞ்சாலை மற்றும் மேற்பரப்புப் போக்குவரத்து ஆராய்ச்சி மற்றும் தொழில்நுட்பத்திற்கான அரசு நிதியுதவி’ என்று உரையின் தலைப்பு அச்சாகியிருந்தது. அமெரிக்கச் சட்டங்களைப் பற்றிய உரை அது. தலைப்பைப் படித்துவிட்டு வந்திருந்த சாலை ஒப்பந்தக்காரர் ஒருவர், தார்ச்சாலையின் மேல்தளம் போடுவது பற்றிப் பேசப்போகிறார்கள் என்று நினைத்திருந்தார். அவர் நினைத்ததில் தவறே இல்லை, ஏனென்றால் தமிழில் அந்தத் தொடருக்கு அவர் கொண்ட பொருள்தான் இயல்பாக வரும்.

‘மேற்பரப்புப் போக்குவரத்து’ என்பது ஆங்கிலத்தின் ‘சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன்’ என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அதிலுள்ள ‘சர்ஃபேஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘சர்’ என்றால் மேல், ‘ஃபேஸ்’ என்றால் முகம். விமானத் தபால் வந்த பிறகு, வானில் செல்லாத தபாலைக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. போக்குவரத்துக்கும் அதே பொருளில்தான் வழங்குகிறது. ஆகவே இங்கே ‘சர்ஃபேஸ்’ என்பது வான்வழிக்கு எதிர்ச்சொல். ஒரு பொருளின் மேற்புறத்தை அது சுட்டவில்லை.

கேரள எல்லைப்புறத்தில் இந்தப் பிழை மிகுதியாக இருப்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. மலையாளத்தில் இதனை ‘உபரிதல கதாகதம்’ என்பார்கள். ‘கதாகதம்’ என்பது போதலும் வருதலும், அதாவது நம் போக்குவரத்தேதான். ‘உபரிதலம்’ என்பதை மேற்பரப்பு என்று பெயர்த்து, அதை அப்படியே முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். மலையாளத்தில் அந்தச் சொல் நாளிதழ் வழக்கில் ஊறி நிலைபெற்றுவிட்டது, அவர்கள் வழக்கு அவர்களுக்கு. தமிழ் நாளிதழ்களோ மத்திய அமைச்சகத்தைப் பல ஆண்டுகளாகத் ‘தரைவழிப் போக்குவரத்துத் துறை’ என்றே எழுதி வந்திருக்கின்றன. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு அடுத்த மொழியின் வழியாக ஆங்கிலத்தைப் பெயர்க்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

‘மூலத்தில் உள்ள சொல்லுக்கு உண்மையாக இருக்கிறோம்’ என்பது ‘மேற்பரப்பு’ என எழுதுவோரின் வாதம். அந்த உண்மையை மூலத்தின் பொருளிலேயே வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் 1956இல் உருவான நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதிக்குப் பெட்ரோல் மீதான கூட்டரசு வரியே முதன்மையான வருவாய். காலனுக்கு 18.4 சென்ட் என்ற அந்த வரி 1993 முதல் மாறவில்லை. அதில் ஒரு பங்கு பொதுப் போக்குவரத்துக் கணக்கிற்குச் செல்கிறது, நகரங்களின் சுரங்க ரயில்களும் அதனால் பயன்பெறுகின்றன. மண்ணுக்கு அடியில் ஓடும் ரயில், சட்டத்தின் கணக்கில் ‘சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன்’. அதை ‘மேற்பரப்புப் போக்குவரத்து’ என்று எழுதினால் மேற்பரப்புக்குக் கீழே ஓடுவதை மேற்பரப்பில் ஓடுவதாகச் சொன்னதாகிவிடும். ‘தரைவழி’ என்றால் வானில் பறக்காதது என்ற பொருள் சிக்கலின்றி வந்துவிடுகிறது. தரைப்படை, தரைவழித் தாக்குதல், தரையிலிருந்து வானுக்கு ஏவும் ஏவுகணை என்றெல்லாம் இதே எதிர்நிலையை நாம் நாள்தோறும் சொல்கிறோம். மேற்பரப்புப் படை என்று இதுவரை எவரும் எழுதவில்லை.

அதைவிடப் பெரிய இடையூறு, சாலைப் பொறியியலில் ‘மேற்பரப்பு’ ஏற்கெனவே ஒரு கலைச்சொல்லாக இருப்பது. சக்கரம் உராயும் மேல்தளத்தின் தேய்மானம், வழுக்கல், வெடிப்பு ஆகியவை எல்லாம் சாலை மேற்பரப்பு ஆய்வில் அடங்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமெரிக்கா ஐந்தாண்டுகளுக்கு 15 கோடி டாலர் செலவில் நடத்திய நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தில், ஊரின் வெப்பநிலைக்கேற்பத் தாரைத் தேர்ந்தெடுக்கும் ‘சூப்பர்பேவ்’ முறை உருவானது. அது மெய்யாகவே மேற்பரப்பு ஆய்வு. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த நம் பகுதியில் இயற்கை ரப்பர் கலந்த தாரைப் பற்றி எழுதுவோருக்கும் அந்தச் சொல் தேவை. போக்குவரத்து முறைகள் அனைத்தையும் தழுவும் 1991, 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்கச் சட்டங்களைப் பற்றி எழுதும்போதும் அதே சொல்லை ஆண்டால், ஒரே பத்தியில் தாரும் ரயிலும் குழம்பிப்போகும்.

‘தரை’ என்பதே ‘தரா’ என்னும் வடசொல்லின் திரிபு, ஆகவே அதுவும் தூய தமிழ் இல்லை என்று சிலர் மறுக்கக்கூடும். அப்படிக் கருதுவோர் ‘நிலவழிப் போக்குவரத்து’ என எழுதட்டும், பொருள் சற்றும் கெடாது. என்னைப் பொறுத்தவரை தரை, குமரியிலும் நெல்லையிலும் எழுத்தறியாதவரும் சொல்லும் சொல். தெளிவுக்குப் பின்னரே தூய்மையை வைப்பேன்.

அழைப்பிதழில் இருந்த அந்தத் தலைப்பில் ‘நிதியுதவி’ என்பதும் பொருந்தவில்லை. அமெரிக்க மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் முதன்மையான நெடுஞ்சாலை நிதிகளில் 2 விழுக்காட்டைத் திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கவேண்டும் என்றும், அதில் குறைந்தது கால்பங்கு ஆராய்ச்சி, மேம்பாடு, தொழில்நுட்பப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கே செல்லவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வண்டியோட்டுவோர் கட்டிய வரியிலிருந்து சட்டப்படி பிரித்துவைக்கும் பணத்தை உதவி என்பது முறையாகாது. ‘நிதி ஒதுக்கீடு’ என்பதே சரி. இரண்டு இடத்தில் வந்த ‘மற்றும்’ பற்றியும் சொல்லியாகவேண்டும். ‘உம்’ என்ற இடைச்சொல்லை மறந்த மொழிபெயர்ப்பாளர்களால் அரசு அறிவிப்புகளில்கூடத் தமிழ் வாக்கியம் தடுக்கித் தடுக்கி நடக்கிறது. ‘நெடுஞ்சாலை, தரைவழிப் போக்குவரத்து ஆராய்ச்சிக்கும் தொழில்நுட்பத்திற்கும் அரசின் நிதி ஒதுக்கீடு’ என்றால் எந்த வாசகரும் தடுமாறமாட்டார்.

‘தரைவழி’க்கு ஓர் எல்லை உண்டு. 1986 முதல் 2000 வரை இந்தியாவில் இருந்த ‘சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்’ அமைச்சகத்தின் பொறுப்பில் துறைமுகங்களும் கப்பல்களும் இருந்தன. இந்தியில் அதற்கு ‘ஜல்-பூதல் பரிவகன்’ என்று நீரையும் சேர்த்தே பெயரிட்டிருந்தார்கள். தமிழ் நாளிதழ்கள் தரையை மட்டும் எடுத்துக்கொண்டன. ‘கலத்தினும் காலினும்’ என்று கப்பலையும் வண்டியையும் சேர்த்துச் சொன்ன சிலப்பதிகாரத் தொடர் நம்மிடம் இருந்தும், அந்த அமைச்சகத்தின் பெயரில் கலம் விடுபட்டுவிட்டது. அந்தப் பழைய அமைச்சகத்தைப் பற்றி எழுதுவோர் ‘நில, நீர்வழிப் போக்குவரத்து’ என எழுதுவது பொருந்தும். அமெரிக்கச் சட்டங்களைக் குறிக்கத் ‘தரைவழி’யே போதும்.