விட்டு விட்டுப் பாயும் மின்சாரம்: ரிமோட் காருக்குள் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் என் வீட்டு மேசைமேல் பழைய ரிமோட் கார் ஒன்றைப் பிரித்துப் பரப்பியிருந்தோம். 1990களில் நான் ஓட்டிய கார். அதை மறுபடியும் ஓடவைக்க வேண்டும் என்று அக்கா மகன் பள்ளி முடிந்ததும் நேராக வந்துவிட்டான். பதின்மூன்று வயது. அடிச்சட்டத்திலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அது பொருந்தியிருந்த இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக வளைந்திருந்தது.

"மாமா, இது எரிந்துபோய்விட்டதா?"

எரியவில்லை. சூடாவதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. அது ஒரு மின்தடை. அந்தக் காலத்து ரிமோட் கார்கள் பலவற்றில் வேகத்தைக் குறைக்கக் கையாண்ட வழி, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இப்படி ஒரு தடையை வைத்து மின்சாரத்தில் ஒரு பங்கை வெப்பமாகக் கழித்துவிடுவது. ஒரு சிறு சர்வோ மோட்டார் செப்புக் கையை நகர்த்தும். கை முதல் படியில் நின்றால் நிறைய தடை, மெதுவான வேகம். கடைசிப் படியில் தடையே இல்லை, முழு வேகம். வீட்டு மின்விசிறிக்குப் பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். விசிறி மெதுவாகச் சுற்றும்போதுதான் ரெகுலேட்டர் கையைச் சுடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நட்டம் கண்ணுக்குத் தெரியும். எங்கள் காரின் பேட்டரி 7.2 வோல்ட். மோட்டாருக்கு அதில் பாதி, அதாவது 3.6 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது. மீதி 3.6 வோல்ட்டைத் தடைதான் தாங்க வேண்டும். 3.6ஐ 15ஆல் பெருக்கினால் 54 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் காருக்குள் எரியவிட்டது போன்ற சூடு அது. மோட்டாருக்குப் போய்ச் சேருவதும் அதே 54 வாட்தான்.

அந்தப் பீங்கானையும் செப்புக் கையையும் எடுத்துவிட்டு, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டியை வைக்கப்போகிறோம். மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது முழுப்பெயர். ஓட்டுகிறவர்கள் இ.எஸ்.சி. என்பார்கள்.

"அப்படியென்றால் இது பேட்டரியில் பாதி வோல்ட்டை மட்டும் எடுத்துத் தருமா, மாமா?"

பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தப் பெட்டிக்குப் பாதி என்ற ஒன்றே தெரியாது. தண்ணீர்க் குழாயைப் போல, மின்சாரம் பாய முழுதாகத் திறக்கவும் அது நிற்க முழுதாக மூடவும் மட்டுமே தெரியும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரமும் மூடியிருக்கும் நேரமும் சமமாக இருந்தால் அதுதான் பாதி வேகம். நூறில் எழுபது பங்கு நேரம் திறந்திருந்தால் எழுபது விழுக்காடு.

மோட்டார் இதனால் குலுங்குவதில்லை. குயவர் சக்கரத்தைக் கோலால் தள்ளிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறதல்லவா? மோட்டாரின் கம்பிச் சுருளுக்கும் அப்படி ஒரு குணம் உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். சுவிட்ச் மூடிய நொடித்துகளில்கூட ஓட்டம் கருவிக்குள் இருக்கும் மாற்றுவழியில் சுற்றி வந்துகொண்டிருக்கும். அதனால் சக்கரம் உணர்வது சீரான இழுப்பை மட்டுமே. பழைய வகை மோட்டாரை மெதுவாக ஓட்டும்போது கேட்கும் மெல்லிய கீச்சொலிதான் இந்தத் திறந்து மூடலின் குரல்.

திறந்து மூடும் வேலையைச் செய்பவை மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர்கள். முழுதாகத் திறந்திருக்கும்போது அவற்றின் தடை சில மில்லியோம்கள்தான். ஓட்டம் போகும் வழியிலுள்ள இரண்டுக்கும் சேர்த்து 4 மில்லியோம் என்று கொண்டால், அதே 15 ஆம்பியருக்கு உண்டாகும் சூடு 0.9 வாட். பீங்கான் வீணாக்கிய 54 வாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

ஆனால் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மாஸ்ஃபெட் ஒரு கணம் அரைகுறை நிலையைக் கடக்கிறது. அந்தக் கணத்தில் அதுவும் பழைய பீங்கானைப் போலவே சூட்டைக் கக்கும். முழு வேகத்தில் சுவிட்ச் திறந்தே இருப்பதால் இந்தச் சூடு கிட்டத்தட்ட இல்லை. நடுத்தர வேகத்தில்தான் உண்டு. மெதுவாக ஓட்டினால் கருவிக்கு ஓய்வு என்ற நம்பிக்கை அதனால்தான் பல நேரம் பொய்த்துப்போகிறது.

இனி வயரிங். இதில் வரும் ஒவ்வொரு விதியும் இந்தத் திறந்து மூடலிலிருந்தே பிறக்கிறது.

கருவியின் ஒரு பக்கத்தில் பேட்டரிக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்கள். அவற்றை ஒட்டி ஒன்றிரண்டு உருளை வடிவ மின்தேக்கிகள் நின்றுகொண்டிருக்கும். இடத்தை அடைக்கிறது என்று அதை வெட்டி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யவே கூடாது. சுவிட்ச் சட்டென்று மூடும்போது பேட்டரி வயரில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டமும் நிற்க மறுக்கும். வேகமாக வரும் தண்ணீரின் குழாயைத் திடீரென்று அடைத்தால் சுவருக்குள் குழாய் அதிர்வதைப் போல, அந்த இடத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறும். அதை வாங்கி விழுங்குவது அந்த உருளைதான். பேட்டரி வயர் நீள நீள இந்த எகிறலும் கூடும். ஆகவே பேட்டரி வயரை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். பேட்டரியைச் செருகும்போது 'டிக்' என்று சிறு பொறி பறப்பதும் காலியான மின்தேக்கி ஒரே மூச்சில் நிரம்புவதால்தான். பயப்பட வேண்டாம்.

வயரின் தடிமனுக்கும் கணக்கு உண்டு. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும், சக்கரம் எதிலாவது மாட்டிக்கொள்ளும்போதும் மின்னோட்டம் 60 ஆம்பியரைத் தொடலாம். சுற்றும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி ஓட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். நிற்கும் மோட்டாருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. போக வர மொத்தம் 20 சென்டிமீட்டர் வயர் என்றால், 3.3 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள வயரில் 60 ஆம்பியர் உண்டாக்கும் சூடு ஏறக்குறைய 4 வாட். 1.3 சதுர மில்லிமீட்டர் வயரில் 9 வாட்டுக்கும் மேல். ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். சிலிக்கோன் உறையுள்ள தடித்த வயருக்கு நான் பணம் கொடுக்கத் தயங்குவதே இல்லை.

பழைய காரில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரையும் மாற்றினோம். அதன் மெல்லிய தகடு பிடி தளர்ந்து, தொடும் பரப்பு குறைந்து, உருகத் தொடங்கியிருந்தது. அதற்குப் பதிலாக, சிறிது நேரத்துக்கு 60 ஆம்பியர் வரை தாங்கும் எக்ஸ்டி 60 வகை. பேட்டரிப் பக்கத்து வயர்களை ஒருபோதும் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். கத்தரியின் அலகே இரண்டையும் இணைத்துவிடும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, உறையிட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

பற்றவைக்கும் வேலையைப் பையனிடமே கொடுத்தேன். முதலில் வெப்பத்தில் சுருங்கும் உறையை வயரில் கோத்துத் தள்ளி வைத்தான். பிறகு வயரின் முனையை முறுக்கி, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையில் தோய்த்தான். 60 வாட் சால்டரிங் அயர்னின் முனையை வயரின் அடியில் வைத்து, ஈயக் கம்பியை மேலிருந்து தொட்டான். ஈயத்தை அயர்னில் உருக்கி வயரில் தடவினால் மேலோடு ஒட்டிக்கொண்டு பிறகு பெயர்ந்துவிடும். வயரே சூடாகி ஈயத்தைக் குடிக்க வேண்டும். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. தடித்த செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரே கணத்தில் ஈயம் இழைகளுக்கிடையே ஓடி மறைந்தது. குங்கிலிய வாசனையுடன் புகை எழுந்தது. கனெக்டரின் குழிந்த முனையிலும் அதே போல ஈயம் நிரப்பி, இரண்டையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயம் உறையும்வரை கை அசையாமல் பிடித்திருந்தான். அதற்குள் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் ஜோடியை முன்கூட்டியே செருகி வைத்திருந்தோம். இணைப்பு மழமழவென்று படிந்திருந்தது. அசைந்திருந்தால் மங்கி, சொரசொரப்பாக இருந்திருக்கும்.

பேட்டரியைச் செருகும் முன் மல்ட்டிமீட்டரால் சோதிக்கச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய ஆயத்த இணைப்பு வயரில் சிவப்பும் கறுப்பும் உள்ளே இடம்மாறியிருந்தன. வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. நம்பிச் செருகினேன். ஒரு வெடிச்சத்தம், கருகிய நாற்றம், அவ்வளவுதான், கருவி போய்விட்டது. ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் இயல்பாகவே ஒரு டையோடு உண்டு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு அது. மின்முனைகள் மாறினால் அந்த டையோடுகள் எல்லாம் திறந்துகொண்டு பேட்டரியை நேராகக் குறுக்கிணைத்துவிடும். பெரும்பாலான கருவிகளில் இதற்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. மீட்டரைத் தொட்டுப் பார்க்க ஐந்து நொடி போதும். வயரின் நிறத்தை நான் இப்போது நம்புவதில்லை.

மோட்டார் பக்கம் எளிது. எங்களுடையது கரித் துண்டுகள் உரசிச் சுற்றும் பிரஷ் மோட்டார், வயர் இரண்டே. சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் இரண்டையும் மாற்றிச் செருகினால் போதும். ரிமோட்டில் உள்ள திசைமாற்றியால் சரிசெய்ய முயலாதீர்கள். பல கருவிகள் பின்னோக்கிய வேகத்தைக் குறைத்து வைத்திருக்கும், கார் முன்னே போவதற்கே அந்தக் குறைந்த வேகம்தான் கிடைக்கும். மோட்டார் உறையில் பற்றவைத்திருக்கும் சிறு பீங்கான் மின்தேக்கிகளை அப்படியே விட்டுவிடுங்கள். கரித் துண்டில் பறக்கும் பொறியின் இரைச்சலை அடக்குபவை அவை.

பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மூன்று வயர், கருவிக்குள் ஆறு சுவிட்சுத் தொகுதிகள். காந்தத்தின் நிலையைக் காட்டும் உணரி இல்லாத வகையில், திசை மாற எந்த இரண்டு வயர்களையும் மாற்றலாம். அந்த வகையில், சுற்றும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைக் கேட்டுத்தான் கருவி காந்தம் எங்கே நிற்கிறது என்று அறியும். நிற்கும் மோட்டார் ஒன்றும் பேசாது. கிளம்பும்போது சில கார்கள் உதறித் திக்குவது இதனால்தான்.

ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்குப் போவது மெல்லிய மூன்று வயர். ஒன்று செய்தி, மற்ற இரண்டும் மின்சாரம். ரிமோட்டின் விசையை விட்டிருந்தால் 1.5 மில்லிநொடி நீளத் துடிப்பு ஒன்று, முழுதாக இழுத்தால் 2 மில்லிநொடி, பிரேக் பக்கம் முழுதாகத் தள்ளினால் 1 மில்லிநொடி. சில ரிமோட்டுகளில் இந்த இரண்டும் தலைகீழாக இருக்கும். நொடிக்கு 50 முறை போகும் இந்தத் துடிப்பின் நீளத்தை அளந்துதான் கருவி எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்கிறது. ரிசீவருக்கும் முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் வேண்டிய 5 அல்லது 6 வோல்ட்டையும் கருவியே தந்துவிடும். முன்பு அதற்காகக் காரில் நான்கு சின்ன பேட்டரிகள் தனிப் பெட்டியில் இருந்தன. அந்தச் சுமையும் இறங்கியது. ஆன்டெனா வயரை மட்டும் மோட்டார் வயர்களிலிருந்து விலக்கி, நிமிர்த்தி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது அதன் நுனியில் உறை உரித்த 31 மில்லிமீட்டர்தான். அலைநீளத்தில் கால் பங்கு.

காரை ஒரு புத்தகக் கட்டின்மேல் ஏற்றி, சக்கரங்களை அந்தரத்தில் விட்டு, முதலில் ரிமோட்டையும் பிறகு காரையும் போட்டோம். நடு, முழு வேகம், முழு பிரேக் என மூன்று நிலைகளையும் கருவிக்குக் கற்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் 'பீப்' என்று ஒலி. பெட்டியைத் திருப்பித் திருப்பி ஒலிபெருக்கியைத் தேடினான் பையன். அங்கே எதுவும் இல்லை. மோட்டாரின் சுருளைச் சுழலவிடாமல் அதிரவைத்துத்தான் கருவி அந்த ஒலியை எழுப்புகிறது. கடைசியாக, பேட்டரி வகையைச் சொல்லும் சிறு செருகி. லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். செருகியைச் சரியான இடத்தில் வைத்தால் அதற்கு முன்பே கருவி மோட்டாரை நிறுத்திவிடும்.

மாலையில் கரும்பு வெட்டி முடித்த வயலோரம் கொண்டுபோனோம். சிவந்த மண், கட்டைகள், ஆங்காங்கே பொறுக்கிக் குவித்த கருங்கற்கள். கார் ஒரு கல்லில் முட்டி நின்றது. பையன் விசையை இழுத்துப் பிடித்தபடியே இருந்தான். "விடு, விடு" என்று கத்தினேன். கருவியும் மோட்டாரும் கருகுவது இந்த இடத்தில்தான். கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டான். ஃபிளிக் ஆன் ஃபிளாக் மணலில் ஓட்ட ஆசைதான். ஆனால் நீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருப்பது உப்பு நீருக்குச் செல்லாது. உப்பு கனெக்டரின் செம்பைப் பச்சையாக அரித்துவிடும்.

இருபது நிமிடம் ஓட்டிய பிறகு தொட்டுப் பார்த்தோம். மோட்டார் சுட்டது. கருவி இளஞ்சூடு. பையன் சிறிய சுவிட்சை அணைத்துவிட்டுக் காரைப் பைக்குள் வைக்கப் போனான். பல கருவிகளில் அந்தச் சுவிட்ச் ரிசீவருக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும். பேட்டரியின் தடித்த வயர்கள் மின்தேக்கியோடும் மாஸ்ஃபெட்டுகளோடும் இணைந்தே இருக்கும், சொட்டுச் சொட்டாகக் கசிந்து சில நாட்களில் பேட்டரியைக் காலி செய்துவிடும். சொன்னதும் அவன் காரை மடியில் வைத்து, தான் பற்றவைத்த கனெக்டரை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்து இழுத்தான்.